தெளிவான வானத்துக்கு ஒரு பூசை

திண்டுக்கல்,
ஜூலை 16

அன்பு மகள் வினோலியாவுக்கு,

ஆண்டவர் அருளால் அம்மா நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா என்றாலும் "ம்". நாற்பத்தெட்டு வயதுப் பெண், உலகத்தின் மறுகோடியில் சிலி நாட்டு மலைமேல் உட்கார்ந்துகொண்டு "ம்" என்றால், அதற்கு நான் என்ன பொருள் கொள்வது? அதனால்தான் கடிதம். தபாலில் மட்டும் போட்டால் எப்போது வருமோ தெரியாது என்பதால், பக்கத்து வீட்டு ஹுஸ்னா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். படிக்காமல் படம் மட்டும் பிடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். பிடிக்கும்போது உதடு அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

முதலில் உன் காரியம். மூன்று வருடம் நீ கேட்கக் கேட்க மறுத்தவர்கள், கடைசியில் பெரிய தொலைநோக்கியில் உனக்குச் சில இரவுகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றாய். ஆகஸ்டு அமாவாசையை ஒட்டி. அதற்கு முன்பு கிடைத்த இரவுகளை ஒரு தடவை மேகம் கொண்டுபோனது, இன்னொரு தடவை காற்று. இந்த முறையும் வீணானால் டிசம்பரோடு அங்கே உன் வேலை முடிகிறது, பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நீ சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னாய்.

பதினைந்து வருடமாக நீ சொல்லிவருவது எனக்குப் புரிந்தவரை இதுதான். தவறென்றால் திருத்து. இரண்டு மங்கலான கேலக்ஸிகள் இருக்கின்றன. இரவு வானத்துக்கென்று இருக்கிற வெளிச்சம்கூட அவற்றைவிட அதிகம். அவற்றுக்கு நடுவே நட்சத்திரங்களால் ஆன ஒரு மெல்லிய பாலம் இருப்பதை நீ பார்த்தாய். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போன தடம் அது என்றாய். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் படத்தில் விழுந்த கறை என்றார்கள். நல்ல இருட்டில், துப்புரவான வானத்தில் ஒரு முறை பார்த்துவிட்டால் யார் சொன்னது சரி என்று முடிந்துவிடும். சரிதானே?

வானம் துப்புரவாக இருக்க வேண்டும் என்றால் நான் என்ன செய்வேன்? என் வேண்டுதலைச் சீட்டில் எழுதி, கோயிலில் ஒரு கருத்துப் பூசை கொடுத்தேன். அதில்தான் வந்தது வினை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பங்குக் கோயிலில் மழை வேண்டி ஜெபமாலைப் பவனி. போன ஐப்பசியிலும் மழை இல்லை, அகரம் பக்கம் கிணறெல்லாம் பாறை தெரிகிறது. அது எனக்குத் தெரியாததா? பவனிக்கு மாதா சப்பரத்தை அலங்கரிக்கப் பூ கொடுத்தவளே நான்தான். ஆனால் என் கருத்துப் பூசையையும் அதே நாளில் வைத்துவிட்டார்கள். நான் சீட்டில் மிகத் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தேன்: "சிலி நாட்டில் என் மகள் ஆராய்ச்சி செய்யும் மலையின்மேல், ஆகஸ்டு முதல் வாரத்து இரவுகளில், வானம் மேகமின்றி இருக்கும்படி வேண்டுபவர், வியாகுலம்மாள் பிரான்சிஸ்." இதைப் பங்குப்பேரவைச் செயலர் பெலிக்ஸ் ஒலிபெருக்கியில் எப்படி வாசித்தார் தெரியுமா? "வானம் மேகமின்றி இருக்கும்படி வேண்டுபவர், வியாகுலம்மாள் பிரான்சிஸ்."

முக்காடிட்ட அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினால் சேலைகள் எப்படிச் சரசரக்கும் என்பதை அன்று கேட்டேன்.

பூசை முடிந்ததும் பெலிக்ஸைப் பிடித்துக்கொண்டேன். ஏன் வெட்டினீர்கள் என்றால், "டீச்சர், ஒரு கருத்துக்கு ஒரு வரிதான். எல்லாரும் நோய் தீர, கல்யாணம் கூடன்னு முடிச்சுக்கிறாக. நீங்க மலை, மாசம், நேரம்லாம் குடுத்தா ஆண்டவருக்கே மண்டை காஞ்சு போகும்ல" என்கிறார். சுருக்கி எழுதுதல் என்றால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே என் தொண்டை போனது. இவர் என்னிடம் படிக்காதவர்.

உன் செபஸ்தியான் அண்ணன் வாசலிலேயே காத்திருந்தான். அகரத்தில் சின்ன வெங்காயம் நட்டிருக்கிறான். "ஏன் சித்தி, போர்ல தண்ணிக்குப் பதிலா காத்துதான் வருது. நீங்க என்னடான்னா மேகமே வேணாம்னு சாமிகிட்ட மனு போடுறீக?" என்றான். நான் கேட்டது சிலி நாட்டு வானத்தை, நம் வானத்தை அல்ல என்று விளக்கினேன். "அது சாமிக்கு எப்படித் தெரியும்? பெலிக்ஸ் அண்ணே ஊரு பேரே வாசிக்கலையே" என்றான். வாசிக்காவிட்டாலும் சாமிக்குத் தெரியும் என்றேன். "அப்பறம் எதுக்கு சித்தி சீட்டுல எழுதிக் குடுத்தீக?" என்றான்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே ஹுஸ்னா வேறு. அவர்களும் மைதானத்தில் மழைத் தொழுகை முடித்து வந்திருக்கிறார்கள். "நாங்கள்லாம் ஒரு பக்கம் நின்னு கேட்டோம், நீங்க ஒருத்தரு மட்டும் எதிர்ப்பக்கம் நின்னீங்களாமே டீச்சரம்மா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. எனக்குக் கடைக்குப் போனால்கூடக் காது கூசுகிறது.

ஆனால் பூசையை மாற்றிக் கொடுக்க மாட்டேன். கேட்டது கேட்டதுதான். நீ கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே நிற்காதே. உன் கண்ணுக்கும் கைக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
வியாகுலம்மாள் பிரான்சிஸ்

•

திண்டுக்கல்,
ஆகஸ்டு 22

அன்பு வினோ,

இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. "வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சும்மா" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினாய். அதன்பின் "ம்" கூடக் கிடையாது.

அந்தச் செய்தி வந்த அன்று நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. சேலை மாற்றிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய், பெலிக்ஸிடம் போனை நீட்டி வாசிக்கச் சொன்னேன். ஒரு நன்றிப் பூசையும் கொடுத்தேன். இம்முறை அவர் ஒரு சொல்லையும் விடாமல், "சிலி நாட்டில்" என்ற இடத்தில் தேவைக்கு மேல் அழுத்தி வாசித்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "நம்ம ஊர்லயும் வானம் கண்ணாடி மாதிரிதான் டீச்சர் கெடக்கு. ஆண்டவர் ரெண்டு எடத்துக்கும் சேத்தே குடுத்துட்டாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இங்கே இன்னும் ஒரு சொட்டு இல்லை. செபஸ்தியான் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறான். என்னைப் பார்த்தால் "வாரேன் சித்தி" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போகிறான். முன்பெல்லாம் காபி குடிக்காமல் போக மாட்டான்.

சரி, அவர்களை விடு. பாலம் இருந்ததா இல்லையா? அதைச் சொல்ல ஒரு தாளா வேண்டும்?

உன் வேலையைப் பற்றி இங்கே யாரிடமும் பேச முடிவதில்லை. கேலக்ஸி என்றால் செல்போன் கடையா என்று கேட்கிறார்கள். வானத்தைப் பார்க்கிற வேலை என்றால், என் பேரனுக்கு எப்போது நேரம் கூடும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்கிறார்கள். கிறிஸ்தவர்களே கேட்கிறார்கள்! உன் அப்பா இருந்திருந்தால் பொறுமையாக விளக்கியிருப்பார். கொடைரோடு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலிலிருந்தே, கேட்டவர்களுக்கெல்லாம் உன் கேலக்ஸியைப் பற்றிச் சொல்வார். பின்னால் வரிசை நீளும்.

உன்னை முதன்முதலில் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு அவர் கூட்டிப்போனபோது நீ எட்டாம் வகுப்பு. அங்கிருந்தவர் சூரியனைப் பற்றி அரை மணி நேரம் சொல்லி முடித்ததும், "இம்புட்டு வருசமா ஒரே ஒரு நட்சத்திரத்தையா பாக்குறீங்க?" என்று நீ கேட்டாயாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மரியாதை இல்லாத கேள்வி என்று நான் உன்னைக் கண்டித்தேன். இப்போதும் மரியாதை இல்லாத கேள்விதான்.

பூனாவில் பட்டம், பிறகு ஹாலந்து, பிறகு தென்னாப்பிரிக்கா, இப்போது சிலி. எந்த இடத்திலும் நாலைந்து வருடத்துக்கு மேல் உனக்கு நாற்காலி போடவில்லை. ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டினாய், ஒவ்வொரு முறையும் பாலத்தையும் சேர்த்துக் கட்டினாய். உன் முதல் கட்டுரையில் பாலத்தைக் கண்டவள் நீ, ஆனால் முதல் பெயர் உன் பேராசிரியருடையது. அதனால்தான் எல்லாரும் "இன்னாரும் பிறரும் கண்ட பாலம்" என்று எழுதுகிறார்கள். அந்த "பிறர்" என்பதற்கா நான் ஞானஸ்நானத்தில் அவ்வளவு யோசித்துப் பெயர் வைத்தேன்? (அந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வினைச்சொல் தவறு. அப்போதே சொன்னேன். யாரும் திருத்தவில்லை.)

என்ன நடந்தது என்று எழுது. கெட்ட செய்தி என்றாலும் எழுது. நான் கிழவிதான், கண்ணாடிப் பாத்திரம் இல்லை.

மாதா உன் அருகில் இருக்கட்டும்.

உன் அம்மா

•

திண்டுக்கல்,
அக்டோபர் 9

அன்பு மகள் வினோலியாவுக்கு,

நேற்று நீ போனில் பேசியதெல்லாம் கேட்டேன். இடையில் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். எனக்குப் போனில் பேச வராது. எழுதத்தான் வரும். வரி கோணலாகப் போயிருந்தால் காகிதத்தைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

"நான் பாத்தது பாலமே இல்லம்மா. தூசி. நம்ம பால்வீதியிலயே மெதக்குற தூசி, குறுக்க நின்னிருக்கு. அதைப் போயி பதினைஞ்சு வருசமா..." என்று பாதியில் நிறுத்தினாய். நல்ல வானம் கிடைத்ததால் பல நிறக் கண்ணாடிகள் வழியே பார்க்க முடிந்தது, நிறம் பொருந்தவில்லை, நட்சத்திரத்தின் நிறம் அது இல்லை என்றாய். வானம் கொஞ்சம் மங்கலாக இருந்திருந்தால் இன்னும் சில காலம் உனக்குப் பாலம் இருந்திருக்கும். தெளிவாக இருக்க வேண்டும் என்று ஊரைப் பகைத்துக்கொண்டு பூசை கொடுத்தவள் யார் என்று நீ கேட்கவில்லை. நேற்றிலிருந்து நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதை, கேட்டபடியே, ஒரு சொல் குறையாமல் ஆண்டவர் கொடுத்துவிட்டார். இதை நான் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். சண்டை இன்னும் முடியவில்லை.

இனி உன் யோசனைக்கு வருகிறேன். டிசம்பரில் உன் வேலையை முடிவுசெய்யும் கமிட்டி கூடும்வரை இதை வெளியே விட வேண்டாம் என்று பேராசிரியர் சொல்கிறார். உனக்கு அதுவும் பிடிக்கவில்லை. "எதையும் எழுதாம அப்படியே விட்டுட்டு ஊருக்கு வந்துடறேம்மா, உன்கூட இருக்கேன்" என்றாய்.

வினோ, நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று இருபது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சொல்லாதவள் நான் ஒருத்தி. இப்போதும் இப்படி வராதே என்றுதான் சொல்கிறேன்.

தேர்வுத் தாளில் தவறான விடையை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். மையைக் கொட்டி மறைத்தாலோ, தாளைக் கிழித்தாலோ கிடையாது. எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கிடையாது. இது உனக்குத் தெரியும். நம் பள்ளியில் உனக்கே ஒரு தடவை பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

பிரேசிலில் ஒரு பெண் அந்தப் பாலத்தின் வயதைக் கணக்குப் போட்டுப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நீதானே சொன்னாய்? அவளுக்கு என்ன வயது? அவள் அம்மாவும் எங்கேயோ மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பாள். நீ வாயை மூடிக்கொண்டு இங்கே வந்து மாடியில் படுத்துக்கொண்டால், தூசியின் வயதை அவள் இன்னும் எத்தனை வருடம் கணக்குப் போடுவாள்? பேராசிரியர் காத்திருக்கட்டும். கமிட்டி உன்னை வைத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும். அந்த வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சொல்ல எனக்கு மனது வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கட்டுரையை எழுது. நான் கண்டேன் என்றேன், தவறு, அது தூசி என்று எழுது. இந்த முறை உன் பெயர் மட்டும் இருக்கட்டும், முழுதாக. பிறர் வேண்டாம்.

இங்கே நடந்ததையும் கேள். செப்டம்பர் கடைசியில் மழை பிடித்தது. யாரும் கேட்காத அளவுக்குப் பெய்கிறது. லாரித் தண்ணீரில் பிழைத்த செபஸ்தியானின் வெங்காயம் பிடுங்கிக் காயப்போட்ட நேரம். செம்பட்டி ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், வியாபாரி வரவில்லை, மூட்டைகள் நாற்றம் எடுக்க ஆரம்பித்துவிட்டன. முந்தாநாள் சொட்டச் சொட்ட வந்து நின்றான். மூன்று மாதம் கழித்து இந்த வீட்டில் காபி குடித்தான். குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "சித்தி, வினோவுக்குக் குடுத்தீகல்ல, அந்த மேகம் இல்லாத பூசை, அது எனக்கு ஒண்ணு குடுங்க. ஒங்க சீட்டுதான் செல்லுது. அகரம்னு மட்டும் பெரிசா எழுதிருங்க, மறுபடியும் சிலிக்குப் போயிறப் போவுது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. பிறகு அவன் கண்ணைத் துடைத்தான், மழைத் தண்ணீர் என்றான்.

வெங்காயத்துக்கு இனி வானம் வெளுத்து என்ன பயன் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அவன் கேட்டபடி, ஊர், வயல், கிழமை எல்லாம் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

உனக்காகவும் ஒரு சீட்டு எடுத்தேன். நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை நிலைக்க என்று எழுதினால், நான் உனக்குச் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர். தைரியம் வர என்று எழுதினால், உனக்கு அது இல்லை என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். வீடு வந்து சேர என்று எழுதப்போனேன். அதற்கு என் பேனா ஓடவில்லை. கடைசியில் உன் பெயரை மட்டும் எழுதிப் பெலிக்ஸிடம் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டுதல் என்னன்னு எழுதலையே டீச்சர்?" அவ்வளவுதான் என்றேன். "வெறும் பேரு மட்டுமா? சொகமாவா, சமாதானத்துக்கா, எதாச்சும் ஒண்ணு போட்டுக்குறேனே?" என்றார். ஒன்றும் சேர்க்க வேண்டாம், ஒன்றும் வெட்டவும் வேண்டாம் என்றேன். இன்று காலைப் பூசையில் "கருத்து: வினோலியா" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். மேலே ஏதோ வரும் என்று கோயில் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு, முன்வரிசையில் யாரோ ஒரு அம்மா தானாகவே "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

மாடி அறையைத் திறந்து சுண்ணாம்பு அடித்திருக்கிறது. கறையான் வருகிறதென்று அடித்தது, வேறு காரணம் இல்லை. கட்டிலையும் ஜன்னல் பக்கமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் கருப்பம்மாள் கொசுவலைகூட வாங்கி வைத்திருக்கிறாள், அவளாகவே.

எழுதி முடி, மகளே. முடித்த பிறகு எந்தப் பக்கம் போனாலும் ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக.

என்றும் உன் அம்மா,
வியாகுலம்மாள் பிரான்சிஸ்

பி.கு.: கட்டுரையை முதலில் எனக்கு அனுப்பு. இங்கிலீஷை நான் பார்த்துத் தருகிறேன். கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்பு.